ஐந்தாம் எண் அறையின் களைப்பு

டில்லிராணிக்குக் களைப்பில் ரகம் பிரிக்கத் தெரியும். விமானத்தில் வந்தவர்களுடையது கண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும். மகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தவர்களுடையது குதிகாலில் தொடங்கித் தாடையில் வந்து நிற்கும். ஆயிரம் பேரைப் பார்த்துச் சிரித்த தாடை அல்லவா. கோர்ட்டுக்கு அலைகிறவர்களுடையது தோளை விட்டு இறங்கவே இறங்காது. எட்டு வருடமாக அடுத்தவர் களைப்பை வாங்கித் தன் உடம்பில் வைத்துக்கொள்வதே வேலை என்பதால், பட்டையைக் கழுத்தில் மாட்டிய கால் மணி நேரத்தில், மேலே அறையில் இருப்பவர் என்ன செய்து பிழைக்கிறவர் என்று சொல்லிவிடுவாள். உடன் வேலை செய்கிறவர்கள் பந்தயம் கட்டிப் பார்த்துத் தோற்று, இப்போதெல்லாம் கட்டுவதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு, மார்கழி இரண்டாம் வாரம் ஐந்தாம் எண் அறைக்கு வந்த அம்மாளின் களைப்பு என்ன ரகம் என்று முதலில் பிடிபடவில்லை.

அந்த விடுதிக்குப் பெயர் நிழலகம். சென்னையில் அடையாற்றின் கரையை ஒட்டி, தெருவின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்து நிற்கிற பகுதி. அங்கே வீட்டு வாசல்களில் பெயர்ப்பலகை இருக்காது. குடியிருப்பவர்களுக்கு அது தேவையில்லை, தேவைப்படுகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. அந்தத் தெருவில் ஒரு பழைய பங்களாவை வாங்கி, ஒன்பது அறைகளாகப் பிரித்து, மூன்றே நாள் விடுமுறைக்கு ஆட்களை வரவழைத்தார்கள். காலையில் ஆற்றங்கரை நடை, பிறகு புடவைக் கடைகள், விரல் நீளத் தோசையைப் பீங்கான் தட்டில் வைத்துத் தருகிற உணவகம், மத்தியானம் ஓவியக் கூடம், மாலையில் கச்சேரி, கச்சேரி முடிந்ததும் இன்னொரு கச்சேரி. மற்றவர்கள் ஒரு வாரத்தில் பார்ப்பதை நிழலகத்து விருந்தாளிகள் மூன்று நாளில் பார்த்துவிடுவார்கள். அவர்களுக்குக் கால் வலிக்காது.

கண்ணகி நகரில் பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை டில்லிராணியைக் கேட்டாள்.

"இன்னா வேலைக்கா அது? களைப்ப எடுத்து எப்படி இன்னொருத்தர் கைல குடுக்க முடியும்?"

"உடம்பு மூளைக்கு லெட்டர் போடுதுல்ல, 'போதும், குந்து'ன்னு? அந்த லெட்டர அவங்க அட்ரஸுக்குப் போவாம எங்க அட்ரஸுக்குத் திருப்பி வுட்டுர்றாங்க. அவங்க வெரல்ல ஒரு மோதிரம், என் கழுத்துல ஒரு பட்டை. அவ்ளோதான்."

"அப்ப அவங்க உடம்பு தேயாதா?"

"ஏன் தேயாது? தேயறது அங்கதான். தெரியறது மட்டும் இங்க. அதான் மூணு நாளைக்கு மேல யாருக்கும் குடுக்க மாட்டாங்க. நிறுத்தத் தெரியாம ஓடிக்கினே இருந்து செத்துட்டாங்கன்னா?"

பக்கத்து வீட்டுக்காரி வாயில் கைவைத்துக்கொண்டாள். பிறகு, அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுப்பார்களா என்று கேட்டாள்.

பங்களாவின் அடித்தளத்தில் ஒரு நீளமான அறை. ஒன்பது சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் மேலே உள்ள அறையின் எண். காலை எட்டு மணிக்குப் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தால் வேலை தொடங்கியது என்று அர்த்தம். இரவு ஒன்பதுக்கு விருந்தாளிகள் மோதிரத்தைக் கழற்றிவிடுவார்கள், தூங்குவதற்கு மட்டும் அவரவர் களைப்பு அவரவருக்கு வேண்டியிருக்கிறது. அதன்பிறகு கீழே உள்ளவர்களும் பட்டையைக் கழற்றிவிட்டு, பக்கத்து அறையில் எட்டு மணி நேரம் கட்டாயமாகத் தூங்க வேண்டும். தூங்கி எழுந்தால் காலிப் பாத்திரமாக வந்துவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. 'உங்கள் களைப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்' என்று வாசலில் எழுதிக்கூடப் போட்டிருந்தார்கள், செருப்புக்கு எழுதுவதைப் போல.

அந்த அறையில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் 'எனக்கு' என்று சொல்ல மாட்டார்கள். 'ஆறுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு' என்பார்கள். 'ஒம்போதுக்குத் தலை சுத்துது' என்பார்கள். முதல் வருடம் யாரோ வேடிக்கைக்கு ஆரம்பித்தது, பிறகு அதுவே பேச்சாகிவிட்டது. வாய் தவறி 'எனக்கு' என்று சொல்லிவிட்டால் அத்தனை பேருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். அப்படி யாரும் வாங்கித் தந்து பல வருடம் ஆயிற்று.

ஐந்தாம் எண்ணுக்கு வந்தவள் பெயர் கோகிலவாணி. கோயம்புத்தூர்க்காரி, ஐம்பத்தாறு வயது, சொந்தமாக இரும்பு வார்க்கிற பவுண்டரி நடத்துகிறவள். இது மூன்றாவது வருகை. முதல் இரண்டு தடவையும் டில்லிராணிதான் அவளைத் தாங்கினாள். விருந்தாளியும் தாங்குகிறவரும் சந்திக்கக்கூடாது என்பது விதி, ஆகவே முகம் தெரியாது. ஆனால் முழங்கால் தெரியும். உலைக்குப் பக்கத்தில் நாளெல்லாம் நின்ற முழங்கால். நேர்மையான களைப்பு, மத்தியானம் படுத்தால் பாதி இறங்கிவிடும். 'அஞ்சு நல்ல மனுஷி' என்று டில்லிராணி அப்போதே தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

இந்த முறை முழங்காலில் ஒன்றுமே இல்லை. பச்சை விளக்கு எரிந்து ஒரு மணி நேரத்தில், எலும்புக்குள்ளிருந்து எதையோ உறிஞ்சி எடுத்த மாதிரி ஒரு வெறுமை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது. எழுந்து தண்ணீர்ப் பானை வரை போனால் மூச்சு வாங்கியது. எதிரே இருந்த திரையில் ஐந்தாம் எண்ணின் அன்றைய நிகழ்ச்சி நிரல் ஓடியது: ஒன்பதரைக்குக் கடைத்தெரு, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, இரண்டிலிருந்து நான்கு வரை அறையில் ஓய்வு. அந்த அம்மாள் நடந்தபோது இருந்த களைப்பு, அவள் படுத்தபோதும் ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தது. இரவு பட்டையைக் கழற்றினால் கொஞ்சம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கந்தான், அதைக் கசடு என்பார்கள். தூங்கினால் போய்விடும். ஐந்தின் கசடு மறுநாள் காலை எழுந்தபோதும் போகவில்லை.

அப்போதுதான் டில்லிராணிக்கு ரகம் பிடிபட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்றை அவள் தாங்கியிருக்கிறாள். பாலம் கட்டுகிற இன்ஜினியர் ஒருவர், நாற்பத்தொன்பது வயது. இதே வெறுமை, இதே படபடப்பு. விதி விதிதான் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி விடுதிக்கு வந்தாள், அடுத்த முறைக்கு முன்பதிவு செய்திருந்ததை ரத்து செய்ய. ரத்தத்தில் ஏதோ நோயாம், கண்டுபிடித்தபோது நாள் கடந்துவிட்டதாம். 'இங்க இருந்த மூணு நாளும் அவர் ரொம்ப நல்லா இருந்தார்' என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றியை டில்லிராணியால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் காலை, பக்கத்து நாற்காலி சற்குணம் அவளை உற்றுப் பார்த்தார். ஆறாம் எண்ணைத் தாங்குகிறவர், அந்த அறையில் எல்லாருக்கும் மூத்தவர்.

"இன்னா ராணி, மூஞ்சி வெள்ளையா வெளுத்துக் கீது?"

"அஞ்சுண்ணே. அஞ்சுக்கு உடம்பு சரியில்ல."

"ஊரு சுத்தினா அப்படித்தான் இருக்கும்."

"சுத்துன களைப்பு இல்லண்ணே இது. பாலம் இன்ஜினியர் ஞாபகம் கீதா? அதே."

ஆறாம் எண்ணில் இருந்தது தேன்நிலவுக்கு வந்த பிள்ளை. சற்குணம் முகத்தில் அசட்டுத் தூக்கம் வழிந்துகொண்டிருந்தது.

"ரொசாரியோ சாராண்ட சொல்லு. மேல மட்டும் போவாத. ஏழாம் நம்பர் சேர்ல இருந்த புள்ள, மேல போயி விருந்தாளிக்கு வணக்கம் சொன்னதுக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உன் வீட்டுல ரெண்டு பசங்க காலேஜுல கீறாங்க."

அது உண்மை. புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவன், ஓட்டிய நாளைவிட ஓட்டாத நாள் அதிகம். குடும்பம் டில்லிராணியின் கழுத்துப் பட்டையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் விக்டர் ரொசாரியோ கெட்ட மனிதர் அல்ல. ஊழியர் பிறந்த நாளை நினைவு வைத்திருந்து கேக் வெட்டுகிறவர். டில்லிராணி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தன் மேசைத் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க, உங்க பட்டை காட்டற அஞ்சோட சுமை தொண்ணூத்திரண்டு. இந்த சீசன்லயே அதிகம். அப்படின்னா என்ன அர்த்தம்? நம்ம சேவை அவங்களுக்கு ரொம்ப தேவைன்னு அர்த்தம்."

"சார், அது நோவு சார்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். ஆனா என் உடம்புல இருக்குது. எனக்குத் தெரியும் சார்."

ரொசாரியோ குரலைத் தாழ்த்தினார். "அந்த இன்ஜினியர் விஷயத்துக்கு அப்புறம் நானே மேலிடத்துக்கு எழுதினேம்மா. பதில் வந்துச்சு. நாம விக்கறது ஓய்வு, வைத்தியம் இல்லைன்னு. ஒருத்தர் சந்தோஷமா இருக்க வந்த எடத்துல 'உங்களுக்கு வியாதி'ன்னு சொன்னா அடுத்த தடவை வருவாங்களா? நாளைக்கு பதினோரு மணிக்கு அவங்க கிளம்பிடுவாங்க. அதுவரைக்கும் தாங்கிக்கோங்க. அப்புறம் ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க, நான் பாத்துக்கறேன்."

அவள் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தாள். திரையில் ஐந்தாம் எண்ணுக்கு மாலைக் கச்சேரி என்று வந்திருந்தது. உள்ளுக்குள் இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை பட்டுப்புடவை கட்டிப் பாட்டுக் கேட்கப் போகிறாளே, ஒன்றும் தெரியாமல் போகிறாளே என்று டில்லிராணிக்கு ஆற்றாமையாக இருந்தது. தெரிய வேண்டியவளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அது வேறொருத்தியின் நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பது. அடுத்தவர் வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு மடியில் ஒளித்துவைத்த மாதிரி அவளுக்குக் குற்றமாகப் பட்டது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பச்சை எரிந்தது. எட்டேகாலுக்கு டில்லிராணி எழுந்தாள். பட்டையைக் கழற்றவில்லை, கழற்றினால் மேலே அந்த அம்மாள் அப்படியே சரிந்துவிடுவாளோ என்று பயம். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பட்டையை மறைத்துக்கொண்டாள். சற்குணம் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவர் மாதிரி இருந்துவிட்டார்.

பின்பக்கப் படிகள் மொத்தம் பதினான்கு. ஏழாவது படியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மனசுக்குள் கோகிலவாணியைத்தான் நினைத்தாள். இன்றைக்குத் தான் வாயைத் திறக்காவிட்டால் இந்த அம்மாளுக்கும் இரண்டு மாதந்தான்.

கோகிலவாணி ஆற்றைப் பார்த்த புல்வெளியில், பிரம்பு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கனத்த உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் பேசரி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்துக் கெண்டைக்காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஆள் வருவதைப் பார்த்துக் காலை இறக்கினாள்.

"ரூம் சுத்தம் பண்ணோணுங்களா? நான் கெளம்புனப்புறம் பண்ணிக்கலாமுங்."

"இல்ல மேடம். நான் கீழ இருக்கறவ. உங்களோடத... வாங்கிக்கறவ."

கோகிலவாணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது, உடனே சங்கடமும் பட்டது. "நீதானா அம்மணி அது! வா, வா, உக்காரு."

"உக்காரக் கூடாது மேடம். மேல வரவே கூடாது. நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன், நீங்க கோவிச்சுக்கக் கூடாது." டில்லிராணி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "நீங்க இன்னிக்கே ரத்தம் குடுத்துப் பாத்துருங்க. ஊருக்குப் போயி பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. உங்களுக்கு உடம்புல என்னமோ இருக்குது."

"எனக்கா?"

"உங்களுக்குத் தெரியாது மேடம், ஏன்னா அது என்கிட்ட இருக்குது. மூணு நாளா சொமக்கறேன். எட்டு வருஷமா இதே வேலை, எனக்கு ரகம் தெரியும். இது சுத்தின களைப்பு இல்ல. முன்னாடி ஒருத்தருக்கு இதே மாதிரி இருந்துச்சு. நான் சொல்லல. ரெண்டு மாசத்துல போயிட்டாரு. பாவி நான், வாயத் தொறந்திருந்தா பொழைச்சிருப்பாரோ என்னமோ. உங்களையும் அப்படி வுட முடியல மேடம்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு நிம்மதியும் கூடவே வந்தது.

கோகிலவாணி பதறவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பவுண்டரியில் வார்ப்பு எங்கே கெட்டது என்று விசாரிக்கிறவளைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மொதல் நாளே இருந்துச்சுங்களா?"

"மொதல் நாள் காலைல இருந்தே."

"மத்தியானம் நான் படுத்துத் தூங்குனப்ப?"

"கொஞ்சங்கூடக் கொறையல மேடம்."

"இப்ப?"

"இப்பவும் இருக்குது. நெஞ்சு அடிக்குது பாருங்க. இதெல்லாம் உங்களோடதுதான்."

கோகிலவாணி இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தாள். பத்து விரலிலும் கல்யாண மோதிரம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"அம்மணி," என்றாள் மெதுவாக. "நான் அதைப் போடவே இல்லீங்."

டில்லிராணிக்குப் புரியவில்லை.

"போன தடவ வந்துட்டுப் போயி ரோசனை பண்ணுனேன். மூணு நாள் சுத்துனேன், ஒருக்காகூட அப்பாடான்னு உக்காரல. களைக்காம உக்காந்தா அது உக்காந்த மாதிரியே இல்லீங். இந்தத் தடவ பொறந்தநாளுக்குன்னு பையன் எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணீட்டான், வேண்டாம்னா மொகம் வாடிரும். சரி, போவோம், மோதரத்த மட்டும் போட வேண்டாம்னு மேசைமேலயே வெச்சுட்டேன். கீழ எவளோ ஒருத்தி நம்ம காலு வலியைத் தூக்கிட்டு உக்காந்திருக்கறாளே, அவளாச்சும் மூணு நாளு சும்மா காலை நீட்டி இருக்கட்டும்னு நெனச்சனுங்."

"பச்சை எரியுதே மேடம்."

"மேசைமேல கெடந்தாலும் மோதரத்துலயும் பச்சை எரியத்தான் எரியுது. நானும் பாத்தேன்."

டில்லிராணியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. முந்தானையை விலக்கிப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இது வேற ரூமோடதா இருக்கும். ஆறாம் நம்பர் பக்கத்துச் சேர்தான், லைனு மாறியிருக்கும். ஆறுல சின்னப் பையன், பாவம், புதுசாக் கல்யாணம் ஆனவன், அவனுக்குச் சொல்லணும்..." என்று திரும்பினாள். திரும்பிய வேகத்துக்கே தலை சுற்றி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

மேசைமேல் இருந்த கைப்பேசி சிணுங்கியது. கோகிலவாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். "'மதிப்புக்குரிய விருந்தினரே, இன்று காலை உங்கள் களைப்பின் அளவு தொண்ணூற்றாறு. உங்களுக்கு இன்னும் ஓய்வு தேவைப்படுகிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கப் பரிந்துரைக்கிறோம்.'" கண்ணாடியைக் கழற்றினாள். கைப்பேசியை டில்லிராணி பார்க்கும்படி மேசையில் திருப்பி வைத்தாள்.

"இது எனக்கு வந்ததில்லீங் அம்மணி."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. கோகிலவாணி எழுந்து வந்து, அவள் தோளை அழுத்தித் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். டிரைவரைக் கூப்பிட்டு, பதினோரு மணிக்கு வரவேண்டிய வண்டியை இப்போதே கொண்டுவரச் சொன்னாள். ஆஸ்பத்திரி எது பக்கம் என்று அவனையே கேட்டாள். பிறகு குனிந்து, டில்லிராணியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

"எத்தன நாளா இப்பிடி இருக்குது உனக்கு?"

டில்லிராணி யோசித்தாள். நாள் நினைவுக்கு வரவில்லை, அறைகள்தான் வந்தன. போன மாதம் இரண்டாம் எண்ணில் இருந்த நகைக்கடைக்காரருக்கு இது இருந்தது. அதற்கு முன் எட்டாம் எண்ணில் ஒரு நீதிபதி அம்மாளுக்கு. அந்த அம்மாளுக்காகப் பெசன்ட் நகர் மாதா கோயிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றிவிட்டு வந்தாள். அதற்கும் முன்னால் நான்காம் எண்ணில் துபாயிலிருந்து வந்த ஒரு அப்பாவுக்கு, மூன்றாம் எண்ணில் மதுரைக்காரி ஒருத்திக்கு, முதல் எண்ணில் ஒரு நடனக்காரிக்கு. அப்போதெல்லாம் இவ்வளவு இல்லை, கொஞ்சங்கொஞ்சமாக ஏறியிருந்தது. ஒவ்வொருவருக்கும் 'ஐயோ பாவம், இந்த வயசுல இவ்ளோ களைப்பா' என்று மனசார இரங்கியிருந்தாள். வெயில் காலம் தொடங்கியபோது அந்த நடனக்காரி வந்தாள், அதற்கு முன்னால், அந்த இன்ஜினியரைத் தவிர, யாருக்கும் இருந்ததாக ஞாபகமில்லை.

"சித்திரையிலேர்ந்துக்கா," என்றாள்.